பெற்றுக்கொள்ளத் தெரிந்த பெரியோர்
(திருக்கோஷ்டியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கிறிஸ்தவ வாழ்வில் தலைமையும் பணிவும் என்னும் பொருளைப் பற்றிப் பேசவேண்டுமென்று பணித்த அன்பர்கள், அதைத் திருக்கோஷ்டியூரில் பேசவேண்டுமென்றும் பணித்தபோது, சௌமியநாராயணப் பெருமாள் சந்நிதியின் நிழலில் ஒரு கிறிஸ்தவன் இதைப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுற்றனர். எனக்கு அந்த ஐயம் எழவில்லை. தலைவனாக இருப்பவன் எவ்வாறு பணியவேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் கதைகளுள் தலைசிறந்த ஒன்று இந்த ஊரில்தான் நடந்ததாகச் சம்பிரதாயம் கூறுகின்றது.

இராமாநுசர் திருமந்திரத்தின் பொருளைக் கேட்பதற்காகத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை இவ்வூருக்கு நடந்து வந்தார் என்பதும், திருக்கோஷ்டியூர் நம்பி அதனை ஒருவருக்கும் வெளியிடக் கூடாது என்ற உறுதியின்மேல் உபதேசித்தார் என்பதும், அவ்வுறுதியை மீறி இராமாநுசர் உயரமான இடத்தில் ஏறி நின்று ஆசையுள்ள யாவரும் கேட்கும்படி அதனை வெளியிட்டார் என்பதும் நீங்கள் குழந்தைப் பருவத்திலேயே கேட்ட செய்திகள். ஆணையை மீறியதற்காகத் தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் கரையேறுவார்களே என்று அவர் கூறிய விடையைத்தான் பிரசங்கிகள் யாவரும் விரித்துரைக்கின்றனர். நான் நெடுங்காலமாக நினைந்து நினைந்து வியப்பது அந்த விடையை அன்று. அதைக் கேட்ட ஆசாரியர் செய்ததை. வயதிலும் ஞானத்திலும் பதவியிலும் மேற்பட்டவராகிய நம்பி, தம் ஆணையை மீறிய சீடனைத் தண்டிக்க வந்த இடத்தில், இவனுக்குள்ள கருணை எனக்கு இல்லாமற் போயிற்றே என்று உணர்ந்து, சினத்தை விட்டு, எம்பெருமானார் என்று அவரை அழைத்துத் தழுவிக்கொண்டார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்லுகின்றன. கீழே இருப்பவனிடத்தில் தன்னினும் பெரிய நன்மை தோன்றும்போது அதனை அடையாளம் கண்டு, அதற்கு வழிவிட்டு, அதனாலே தானும் திருந்துகின்ற ஆற்றல் எல்லாத் தலைவர்க்கும் வாய்ப்பதில்லை.

பணிவைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், பெரியவர் ஒருவர் தம் உயரத்திலிருந்து சற்றே குனிந்து எளியவர்க்கு எதையேனும் கொடுக்கின்ற காட்சியே நம் மனத்தில் தோன்றுகின்றது. கொடுப்பது நல்லது, செட்டிநாட்டில் நின்றுகொண்டு கொடையைக் குறைத்துப் பேச எவரும் துணியமாட்டார். ஆனால் கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், வாங்குபவர் என்றும் வாங்குபவராகவும் இருந்துவிடுவார்களானால், அங்கே அன்பு வளர்வதற்குப் பதிலாக ஓர் ஆண்டான் அடிமை உறவே மெல்ல மெல்ல வேரூன்றிவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறரைப் பேணுகின்ற காரியத்திலேயே அகந்தை மிகவும் சௌகரியமாகக் குடியிருக்கக் கூடும். அங்கே அதற்குத் தியாகம் என்ற நல்ல பெயரும் கிடைத்துவிடுகின்றது.

பெரிய வியாழன் இரவில் ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று யோவானின் நற்செய்தி கூறும் பகுதியைக் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் வாசிக்கின்றார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கும் நிகழ்கின்றது. அப்பகுதியில் தலைவர் குனிந்தது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பேதுருவின் தடுமாற்றம். என் பாதங்களை நீர் கழுவுவதா என்று அவர் மறுத்தார். பார்வைக்கு அது பணிவு போலவே இருந்தது. ஆனால் ஆண்டவர் அதனை ஏற்கவில்லை. பிறர் தமக்குச் செய்ய இடங்கொடாத மனிதர், நாளை திருச்சபையின் தலைவராகும்போது, தாம் மட்டுமே செய்பவராகவும் மற்றவர் யாவரும் செய்யப்படுபவராகவும் இருக்கவேண்டும் என்று நினைக்கத் தலைப்படுவார். ஆகவே தலைமைக்குரிய முதற்பாடம் பேதுருவுக்குக் கால்களை நீட்டிக்கொண்டிருப்பதிலேயே கற்பிக்கப்பட்டது என்பது என் துணிபு. 2013-ஆம் ஆண்டு, பாப்பரசர் பிரான்சிஸ் பதவியேற்ற சில நாட்களுக்குள், உரோமையிலுள்ள இளங்குற்றவாளிகளின் காப்பகத்துக்குச் சென்று, பெண்களும் இஸ்லாமியரும் உட்பட்ட பன்னிருவரின் பாதங்களைக் கழுவியபோது உலகம் வியந்தது. தலைவரின் முன் கூச்சமின்றிக் கால்களை நீட்டும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்ததே என்பதுதான் என் மகிழ்ச்சி.

இனி, நம் சீமைக்கு வருகின்றேன். இங்கிருந்து கிழக்கே சென்றால் ஓரியூர். சிவகங்கைச் சீமை இராமநாதபுரத்திலிருந்து பிரியாத காலத்தில், 1693-ஆம் ஆண்டு பெப்ரவரி 4-ஆம் நாள், அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ அங்கே வெட்டுண்டு மாண்டார். 1647-இல் லிஸ்பன் மாநகரில் பிரபு குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசன் பேதுருவின் தோழராக வளர்ந்தவர் அவர். அவருடைய இரத்த சாட்சியைப் பற்றியே யாவரும் பேசுகின்றார்கள். ஓரியூரின் செம்மணலை எடுத்துச் செல்பவர்கள் இன்றும் பலர். அவர் இறந்த விதத்தினும் அவர் வாழ்வதற்குத் தெரிந்துகொண்ட கோலமே நம் பொருளுக்கு நெருங்கியது.

அவர் பணியாற்றிய மதுரை மிஷனில் இருவகைத் துறவிகள் இருந்தார்கள். இராபர்ட் தெ நோபிலி வகுத்த வழியில் உயர்குலத்தாரிடையே சந்நியாசிகளாக வாழ்ந்தவர்கள் ஒரு சாரார். அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழகினால் அவர்களுடைய மதிப்பு குலைந்துவிடும் என்ற நிலை இருந்தது. ஆகையால் 1640-ஐ ஒட்டிய காலத்தில் பண்டாரசுவாமிகள் என்ற மற்றொரு சாரார் தோன்றினார்கள். பண்டாரத்துக்குச் சந்நியாசியின் கௌரவம் இல்லை. ஆனால் எல்லாக் குலத்தாருடைய வாசலிலும் அவர் நிற்கலாம், எல்லாருடைய நோயிலும் சாவிலும் அவர்களருகே அமரலாம். அரசகுமாரனோடு விளையாடி வளர்ந்த பிரிட்டோ, காவி உடுத்து, மரக்கறி உண்டு, இந்தப் பண்டாரக் கோலத்தையே மேற்கொண்டார். கௌரவம் குறையக் குறைய எத்தனை வாசல்கள் திறக்கின்றன என்பதை அந்த ஏற்பாடே காட்டுகின்றது. அதே ஏற்பாடு மக்களை இரண்டாகப் பிரித்தே வைத்தது என்ற வருத்தமும் எனக்கு உண்டு. அக்காலத்து மிஷன் சாதியின் முன்னே தயங்கிய தயக்கத்துக்கு நாம் இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

1686-இல் மறவர் சீமையில் அவர் சிறைப்பட்டபோது அவரோடு உபதேசியார்களும் சிறைப்பட்டார்கள். அவர் பட்ட சித்திரவதையை அவர்களும் பட்டார்கள். சேதுபதியின் முன் கொண்டுவரப்பட்டு, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்ற கட்டளையோடு விடுதலையான பின், தம் சபையின் காரியமாக அவர் ஐரோப்பா செல்லும்படி நேர்ந்தது. பழைய தோழன் பேதுரு அப்போது போர்த்துக்கல் மன்னன். தன் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே தங்கிவிடும்படி அவன் வேண்டினான். பெரும் பதவி அது. நாடாளப் போகும் ஒருவனை உருவாக்கும் பொறுப்பு என்று நியாயமும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் அதை மறுத்து 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பி, போதிக்கலாகாதென்று தடுக்கப்பட்ட அதே சீமைக்குள் மீண்டும் புகுந்தார். ஆடுகளுக்காக உயிர் கொடுக்க மீண்டும் வந்த மேய்ப்பர் என்றே பிரசங்கிகள் இதனைச் சொல்வார்கள். அது உண்மையே. எனினும் வேறொன்றையும் நான் காண்கின்றேன். ஐரோப்பியக் குருமார் அங்குமிங்கும் ஒருவராகச் சிதறிக் கிடந்த அந்நாட்களில், சபைகளைக் கட்டிக்காத்து, குழந்தைகளுக்கு ஜெபம் கற்பித்து, மரணப் படுக்கையருகே விழித்திருந்தவர்கள் இம்மண்ணின் உபதேசியார்களே. தமக்காக அடிபட்டவர்கள் இங்கே இருக்க, தாம் லிஸ்பனில் இருப்பது அவருக்கு இயலாததாயிற்று. அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட ஒரு கடனை அவர் உணர்ந்திருந்தார் என்று நினைப்பது மிகையாகாது. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. ஐதர் அலியின் படையெடுப்பால் 1780-ஐ அடுத்த ஆண்டுகளில் சோழநாடு பஞ்சத்தில் வாடியபோது, கோட்டைக்குள் தானியம் கொண்டுவந்தால் விலை கிடைக்கும் என்று அரசரும் கும்பினியாரும் கொடுத்த வாக்கை நம்பாத குடியானவர்கள், அந்தப் பாதிரியார் ஒருவருடைய வாக்கை நம்பி மாடுகளையும் நெல்லையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு பதவியும் இல்லாதவருக்கு அத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது? தமக்கென்று அவர் எதையும் சேர்த்துக்கொள்ளாததை அவர்கள் பார்த்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர் 1798-இல் இறந்தபின், அவருடைய பாதுகாப்பில் வளர்ந்து அரியணை ஏறிய சரபோஜி மன்னர், பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைச் சைவ மரபில் நின்ற அந்த மன்னர் பற்றிக்கொண்டிருக்கும் காட்சியைத் தஞ்சைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் காணலாம்.

ஆயினும் இந்தப் பெரியோர்கள் யாவரும் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுடைய அன்பை ஏற்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அக்காட்சி எவ்வாறு இருந்தது என்பதை உலகறியச் சொல்லுதற்கு ஒரு தமிழர் வேண்டியிருந்தது. அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் தேரிக்காட்டுக் கிராமத்தில், ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமல் வெளிவந்து, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றியவர். 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்கள் பொருளைக்கொண்டு, நம் தொண்டிக் கரைக்குத் தங்கள் ஊழியர்களை அனுப்பிவருவதைக் கண்டு வெட்கினார். அந்த வெட்கம் வீண்போகவில்லை. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905-இல் தேசிய மிஷனரி சங்கமும் பிறந்தது. இந்தியருடைய பணம், இந்தியருடைய உழைப்பு, இந்தியருடைய நிர்வாகம் என்பதே அவற்றின் கொள்கை. பிறரைப் போகச் சொல்லிக்கொண்டே தாம் போகாமல் இருப்பது தகாதென்று தோன்றவே, 1909-இல் அவர் தாமே நிஜாம் சமஸ்தானத்திலுள்ள தோர்னக்கல்லுக்கு மிஷனரியாகப் புறப்பட்டார்.

1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் மிகச் சிலர். முப்பத்தைந்து வயதுள்ள அசரியா, அந்நிய மிஷனரிகளுக்கும் சுதேச ஊழியருக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றிப் பேச எழுந்தார். நன்றி கூறி அமர்ந்திருந்தால் யாவரும் மகிழ்ந்திருப்பார்கள். அவர் நன்றியும் கூறினார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் சிறிதும் மறுக்கவில்லை. பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், உங்கள் நட்பை மட்டும் எங்களுக்குக் கொடுக்கவில்லை, அதைக் கொடுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். சபையில் அமைதி நிலவியது. அவர் கூறியது மிகை என்று மனம் புண்பட்ட மிஷனரிகளும் இருந்தார்கள்.

அந்த வேண்டுகோளின் ஆழத்தை நாம் இன்னும் முற்றும் அளந்து முடிக்கவில்லை. தியாகத்தை ஒருவன் தனியாகச் செய்துவிடலாம். யாருக்காகச் செய்கின்றானோ அவனைச் சமமாக மதிக்காமலும் செய்துவிடலாம். நட்பு அப்படியன்று. நண்பனுடைய வீட்டில் அவனுடைய பாயில் அமர்ந்து அவன் இட்டதை உண்ணவேண்டும். அவன் கூறும் குறையைக் கேட்கவேண்டும். அவனுக்கு நம்மைக் காட்டிலும் ஒன்று நன்றாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்தவர்கள், தங்களோடு இருபது ஆண்டு உழைத்த உபதேசியாரோடு ஒரே மேசையில் அமரத் தயங்கினார்களென்றால், அவர்கள் தம் உடைமைகளைத் துறந்தபோதும் தம் உயரத்தைத் துறக்கவில்லை என்பதே பொருள். இதைச் சொன்னவர் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகன். கேட்டவர்களுள் பலர் ஆளும் சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தவர்கள். சொல்லுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது போலவே, கேட்பதற்குப் பணிவு வேண்டியிருந்தது. அன்று அச்சபையில் துணிவு முழுமையாகவும் பணிவு அரைகுறையாகவும் இருந்தது என்று நான் கருதுகின்றேன்.

இரண்டே ஆண்டுகளில் சோதனை அசரியாவின் பக்கம் திரும்பியது. 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தேவாலயத்தில் அவர் தோர்னக்கல்லின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்; ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு வெள்ளையரிடமிருந்து மட்டுமன்றி, சாதியுணர்வு நீங்காத நம்மவரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நட்பைக் கேட்டவர் இப்போது நட்பைக் கொடுக்கவேண்டிய இடத்தில் அமர்ந்தார். மாளிகையின்றித் தொடக்க நாட்களில் கூடாரத்தில் வாழ்ந்து, நடுத்தர வயதில் தெலுங்கைக் கற்று, மாலர் மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிகளுக்கு மாட்டுவண்டியில் சென்று, அம்மக்களிலிருந்தே குருமாரையும் ஆசிரியரையும் உருவாக்கினார். அவருடைய மனைவியார் அன்பு மரியம்மாள் அப்பணியில் சரிபாதி. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் அம்மக்கள் தாங்களே எதிர்த்து நிற்கும்படி அசரியா பழக்கினார். தோர்னக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939-இல் பிரதிஷ்டையாயிற்று. கோயில் மண்டபத் தூண்களும் மசூதியின் கோபுரக் குவிமாடங்களும் சிலுவையும் அங்கே ஒன்றுகூடி நிற்கின்றன. அதற்கு ஆண்டுகள் பல பிடித்தன. அதுவரை ஜனங்கள் எளிய இடங்களில் கூடித் தொழுதார்கள். தலைவர் முதலில் கட்டியது ஜனங்களை, பிறகே கட்டிடத்தை, என்பதை இங்கே வற்புறுத்த விரும்புகின்றேன். அவர் 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தார். நாற்பத்தேழில் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றானதைக் காண அவர் இருக்கவில்லை, அதற்காக அவர் உழைத்த உழைப்பு இருந்தது.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே சருகணி இருக்கின்றது. மருது சகோதரர்கள் அங்குள்ள ஆலயத்துக்கு மானியம் விட்டதை நீங்கள் அறிவீர்கள். தம் தெய்வம் வேறாக இருந்தும் குடிகளின் தெய்வத்துக்கு விளக்கெரியச் செய்த அம்மன்னர்களின் தலைமையும் இப்பொருளுக்கு அயலானதன்று. அந்தச் சருகணியில்தான் பிரெஞ்சு நாட்டில் 1884-இல் பிறந்த லெவே அடிகளார் தொண்டாற்றி, 1973-இல் கண்மூடினார். வானம் பார்த்த இந்தச் சீமையில் நீரின் அருமையை அறிந்து குளமும் கிணறும் வெட்டுவித்தவர், ஏழையின் குடிசையில் ஏழையின் உணவை உண்டவர் என்று அவரைக் கண்ட முதியோர் சொல்லுவார்கள். அவர் தம் நாட்டுக்குத் திரும்பாமல் இம்மண்ணிலேயே முதுமையையும் கழித்தார். தளர்ந்த நாட்களில், தாம் பேணிய மக்களாலேயே பேணப்பட்டார். அதற்கு இடங்கொடுத்ததை அவருடைய தொண்டின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகின்றேன்.

இவ்வளவும் சொன்னபின், இன்றைய நிலையைச் சொல்லாமல் விடுவது கோழைத்தனம். திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதியின் பெயரால் எழுந்த சுவரைப் பற்றி நாடறியும். தனிக் கல்லறை, தனித் தேரோட்டம் என்று ஊருக்கு ஊர் நிகழும் வழக்குகளையும் நாடறியும். இவை ஒருபுறம். மறுபுறம், சபைத் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் நீதிமன்றங்களில் நீண்டுகொண்டே போகின்றன. பெரிய வியாழனன்று பாதம் கழுவிய கைகள் மறுநாள் கையெழுத்து அதிகாரத்துக்காகப் போராடுவதைக் கண்டு என் நெஞ்சு புண்படுகின்றது. அத்தலைவர்கள் யாவரும் தீயவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுள் பலர் உண்மையில் ஏழைகளுக்கு இரங்குபவர்கள், பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் ஓடி உழைப்பவர்கள். அவர்களைத் திருத்தக்கூடிய ஒருவர் அவர்களுக்குக் கீழே இல்லாதபடி நாம் செய்துவிட்டோம் என்பதே குறை. கணக்கைச் சபையின் முன் வாசிப்பதும், சேரித் தெருவின் மூப்பர் கேட்கும் கேள்விக்கு எழுந்து நின்று விடை சொல்லுவதும், குருவானவர் உபதேசியாரின் வீட்டில் உணவு கொள்ளுவதும் சிறிய காரியங்கள்தாம். ஆயினும் நம்பியின் மனமாற்றமும் எடின்பரோவின் வேண்டுகோளும் நம்மிடையே நடைமுறைக்கு வரவேண்டுமானால் இத்தகைய சிறிய காரியங்களின் வழியேதான் வரும்.

இந்த அவையில் குருமாரும் சபை நிர்வாகிகளும் வந்திருப்பதால் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றேன். ஓரியூரில் நாம் அருளானந்தரைக் கொண்டாடுகின்றோம், தகும். அவரோடு சிறைப்பட்டு அடிபட்ட உபதேசியார்களையும் அந்தத் திருவிழாவில் அவருக்கு இணையாக நினைவுகூர வேண்டும். மிஷனின் பழைய கடிதங்களைத் தேடி, கிடைக்கும் பெயர்களையெல்லாம் திரட்டி, திருப்பலியின்போது உரக்க வாசிக்க வேண்டும். அவ்வாறே ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு சேகரத்திலும், குருவானவர்களின் பெயர்ப் பலகைக்கு அருகே, அவர்கள் காலத்தில் உழைத்த உபதேசியார்களின் பெயர்களையும், ஆலயத்தைப் பெருக்கி மணியடித்தவர்களின் பெயர்களையும் எழுதிவைக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமை வேண்டும். இந்த வேலையை எந்தச் சபையேனும் தொடங்குமானால், என்னாலான உதவியைச் செய்ய நான் காத்திருக்கின்றேன்.